வால்பாறைக்குக் கிளம்பும் முன்

வால்பாறைக்குப் போய்விட்டு வந்து "அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பயணம் போனவர்கள். பத்து மணிக்குப் பொள்ளாச்சியைத் தாண்டி, மதியம் டவுனில் சாப்பிட்டு, சோலையாறு அணையை எட்டிப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கியிருப்பார்கள். ஊட்டி போல டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கிற இடங்கள் இங்கே குறைவுதான். பொள்ளாச்சியிலிருந்து ஏறும் சுமார் 65 கிலோமீட்டர் சாலையும், தேயிலைக்கு நடுவே திட்டுத் திட்டாக மிச்சமிருக்கும் சோலைக்காடுகளும்தான் வால்பாறை. இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஆழியாறு, குரங்கு அருவி, மலைச் சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு வரை போய்விட்டுத் திரும்புவதே திருப்தியாக இருக்கும்.

2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் கட்டாயம். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதம் வந்த அதே ஏற்பாடு. சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, கிளம்பும் முன்பே ஆன்லைனில் பதிவு செய்து கியூஆர் குறியீட்டை போனில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் சிக்னல் தேடிக்கொண்டு நின்றால் உங்களுக்குப் பின்னால் பத்து வண்டி நிற்கும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்த வேலையே இல்லை. பொள்ளாச்சியிலிருந்து அடிக்கடி பேருந்து உண்டு, மேலே போய்ச் சேர இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். மலைச் சாலையில் ஓட்டிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு அந்தப் பேருந்துதான். ஜன்னல் சீட் கிடைத்தால் போதும்.

பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாடு இரண்டு இட்லியோடு நிற்கட்டும். எண்ணெய்ப் பலகாரமும் வயிறு முட்டக் குடித்த காபியும் இருபதாவது வளைவுக்குள் வெளியே வந்துவிடும். வாந்தி வரும் சுபாவம் உள்ளவர்கள் மாத்திரையை ஆழியாறில் போட்டால் பலன் இல்லை, ஏறத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்க்கலாம். குழந்தை கையில் போனைக் கொடுத்து அமைதியாக்க நினைத்தால் தலைசுற்றல்தான் அதிகமாகும்.

இந்தச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கிறது. ஏறும்போது வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றுவதுதான் புதியவர்கள் செய்கிற தவறு. பாதி வளைவில் வண்டி இழுக்காமல் திணறும், பதற்றத்தில் கிளட்சை மிதிப்பார்கள், வண்டி பின்னால் உருளும். வளைவுக்கு இருபது முப்பது அடி முன்பே முதல் அல்லது இரண்டாவது கியருக்கு வந்துவிட்டு, ஹாரன் அடித்துவிட்டு, அதே கியரில் ஒரே சீராகத் திரும்பி முடியுங்கள். எதிரே பேருந்து வந்தால் வளைவுக்கு வெளியிலேயே நின்றுவிடுங்கள். நீளமான வண்டிக்கு முழு வளைவும் வேண்டும். நீங்கள் உள்ளே போய் நின்றால் இரண்டு பேருமே நகர முடியாது. இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழி விடவேண்டும் என்பது மலைச் சாலையின் பொதுவிதி. ஏற்றத்தில் நிறுத்திய வண்டியை மறுபடி கிளப்புவதுதான் கஷ்டம் என்பதால் வந்த விதி அது. ஏற்றத்தில் காத்திருக்க நேர்ந்தால் அரை கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், கருகிய வாடை வந்துவிடும். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள்.

உண்மையான ஆபத்து இறங்கும்போதுதான். பிரேக்கை மட்டுமே நம்பி மூன்றாவது, நான்காவது கியரில் இறங்குகிறவர்களுக்குப் பாதி மலையில் பெடல் மெத்தென்று உள்ளே போகத் தொடங்கும். தொடர்ந்து உரசிய பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. சூடு இன்னும் ஏறினால் பிரேக் ஆயிலே கொதித்துக் குமிழி விடுகிறது. குமிழி அழுந்துமே தவிர அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தாது. அதனால் எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், வேகத்தை இன்ஜின் பிடித்து வைக்கும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'டி'யிலேயே விட்டுவிடாமல் 'எல்' நிலைக்கோ மேனுவல் நிலைக்கோ மாற்றுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவதும் உயிரோடு விளையாடுவது. இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங்கும் போகும், பிரேக்குக்குத் துணை நிற்கும் வேக்குவமும் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும். கருகிய வாடை வந்தால் இடம் பார்த்து ஓரங்கட்டி அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக்கூடாது, அது கோணிப்போகும்.

நிறுத்தும்போது ஏற்றத்தில் முதல் கியர், இறக்கத்தில் ரிவர்ஸ். வண்டி உருண்டாலும் பள்ளத்துப் பக்கம் போகாமல் மண்சுவரில் போய் முட்டும்படி ஸ்டியரிங்கைத் திருப்பி வையுங்கள். டயருக்குக் கல் கொடுங்கள். எடுக்கும்போது அந்தக் கல்லைச் சாலையிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள், அடுத்து வரும் பைக்காரனுக்கு அது எமன்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை இருக்கிறது. கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். ஏழரை மணிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்ல வெளிச்சமும் கூட்டமில்லாத இடமும் கிடைக்கும், பல நாள் வரையாடும் தென்படும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு, சாலையோரச் சுவரில் சாவகாசமாக நிற்கும். மனிதர்களைக் கண்டு மிரளாததால் தீனி போடச் சொல்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிப்ஸின் உப்பு ருசிக்குப் பழகிய ஆடு சாலையை விட்டு நகராது, வண்டியில் அடிபடும். வனவிலங்குகளுக்குத் தீனி போட்டால் வனத்துறை அபராதம் விதிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அட்டகட்டியைத் தாண்டினால் காற்று குளிரும். கவர்க்கல் பகுதியில் பட்டப்பகலிலும் மூடுபனி இறங்கும். அப்போது ஹை பீம் போட்டால் பனித்துளிகள் அந்த வெளிச்சத்தை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பும், முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம் போட்டு, சாலையின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுங்கள். ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது யாருக்கும் புரியாது. எதிரே எதுவுமே தெரியவில்லை என்றால் அகலமான இடத்தில் ஒதுங்கி நில்லுங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் விலகிவிடும்.

அய்யர்பாடி, ரொட்டிக்கடை கடந்து டவுனை நெருங்கும்போது புதுத்தோட்டம் வரும். சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கை உலகத்திலேயே இவ்வளவு சுலபமாகப் பார்க்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் இது. கருமந்தியைப் பார்த்துவிட்டு இதுதான் சிங்கவால் என்று படம் போடுகிறவர்கள் நிறையப் பேர். கருமந்திக்கு நீண்ட வால், தலை முடி மட்டும் பழுப்பு. சிங்கவாலுக்குக் கறுத்த முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் நிறப் பிடரி, குட்டையான வால், அதன் நுனியில் சின்னக் குஞ்சம். ஆண், பெண் இரண்டுக்குமே பிடரி உண்டு. மரத்தின் உச்சியிலேயே வாழ்க்கையை ஓட்டவேண்டிய இந்தக் குரங்கு இங்கே தரையில் இறங்கிச் சாலையைக் கடப்பதற்குக் காரணம், இரு பக்கத்து மரக்கிளைகளும் ஒன்றையொன்று தொடாததுதான். அதற்காகச் சாலைக்கு மேலே குறுக்கே பாலங்கள் கட்டிவிட்டிருக்கிறார்கள். தலைதூக்கிப் பார்த்தால் தெரியும், கூட்டம் நகரும் நேரமாக இருந்தால் குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்ட தாய் அதன் மேல் நடந்து போவதைக் காணலாம். இங்கே 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். சாப்பிடும் பொருள் இருந்தால் கார் கண்ணாடியை ஏற்றி வையுங்கள்.

தங்கிய மறுநாள் காலையை நல்லமுடி பூஞ்சோலைக்கு ஒதுக்குங்கள். பள்ளத்தாக்குக்கு அப்பால் 2,695 மீட்டர் உயர ஆனைமுடி தெரியும், வானம் திறந்திருந்தால் மட்டும். காலை எட்டு மணிக்குள் போனால் வாய்ப்பு அதிகம். வெயில் ஏற ஏற பள்ளத்தாக்கின் ஈரம் மேகமாகி மேலே வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அதே காலையில் அத்திமரம் பழுத்து நிற்கும் சோலை ஓரம் எங்காவது அரை மணி நேரம் பேசாமல் நில்லுங்கள். பெரிய இருவாச்சி வந்தால் கண்ணுக்கு முன் காதுக்குத் தெரியும், அதன் சிறகடிப்பு நீராவி ரயில் மூச்சு விடுவதுபோலக் கேட்கும். கூடு கட்டும் பருவத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னையே அடைத்துக்கொள்ளும், ஆண் கொண்டுவரும் பழத்தை நம்பித்தான் அது உயிர் வாழ்கிறது. போனில் பறவைக் குரலை ஓடவிட்டு அந்த ஆணைத் திசைதிருப்புவதை விடப் பெரிய அநியாயம் கிடையாது.

கூழாங்கல் ஆற்றில் கால் நனைக்காமல் யாரும் திரும்புவதில்லை. கணுக்கால் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாசி பிடித்த கல் வழுக்கும், மேலே எங்கோ பெய்த மழைக்கு இங்கே நீர் திடீரென ஏறும். வால்பாறை ஆறுகளில் வெளியூர் இளைஞர்கள் மூழ்கி இறப்பது ஓயாத செய்தியாகிவிட்டது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பக்கத்திலேயே இருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மலை அந்த மாதங்களில்தான் அதன் முழு அழகோடு இருக்கும், ஆனால் மண்சரிவும் மின்தடையும் கூடவே வரும். 160 அடி சோலையாறு அணை நிரம்புவதும் அப்போதுதான். அந்தச் சமயம் சோலைக்குள் நடந்தால் அட்டை ஏறாமல் இருக்காது. பேன்ட் காலைச் சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸ் மேல் புகையிலைத் தூளும் சுண்ணாம்பும் தடவிக்கொள்வது தோட்டத்து வழக்கம். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காமல் நகத்தால் அதன் மெல்லிய முனையை வழித்துத் தள்ளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது உள்ளே விட்டிருக்கும், அதனால் சின்னப் புண்ணும் நெடுநேரம் கசியும். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

யானை விஷயம் வேறு. சுமார் 220 சதுர கிலோமீட்டர் தோட்டப் பகுதியைச் சுற்றி எல்லாப் பக்கமும் காடு. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போக யானைகள் தேயிலையைத்தான் கடக்க வேண்டும், பெரும்பாலும் அந்தி சாய்ந்த பிறகு. யானை நிற்கும் இடத்தைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு எஸ்எம்எஸ் மூலம் தெரிவிக்கும் ஏற்பாடு இங்கே பல ஆண்டுகளாக இருக்கிறது. எஸ்டேட் சந்திகளில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு மின்னினால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம், அந்த வழியை விட்டுவிடுங்கள். சாலையில் எதிர்ப்பட்டால் நூறு மீட்டர் தள்ளியே நிறுத்தி, ஹாரனும் பிளாஷும் இல்லாமல், இன்ஜினை ஓடவிட்டபடி காத்திருங்கள். நம் பக்கம் வந்தால் மெதுவாகப் பின்னால் எடுங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவே வண்டியை நுழைக்கவே கூடாது. சிறுத்தையும் கரடியும் நடமாடும் ஊர் இது. ஆறு மணிக்கு மேல் தங்கும் விடுதியின் வெளிச்சத்தைத் தாண்டிக் காலாற நடக்கக் கிளம்பாதீர்கள், குழந்தைகளைத் தனியே வெளியே விடாதீர்கள்.

டாப்ஸ்லிப்பை இதோடு சேர்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வரைபடத்தில் பக்கத்தில் தெரிந்தாலும் வால்பாறையிலிருந்து நேர்வழி கிடையாது, கீழே இறங்கிச் சேத்துமடை வழியாக மறுபடி ஏறவேண்டும். அதற்குத் தனி நாள் வையுங்கள்.

வந்த வழியே திரும்பாமல் மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடிக்கு இறங்கலாம், 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அடர்ந்த காட்டுக்குள் நெடுந்தூரம் கடையோ சிக்னலோ இல்லாத சாலை. மளுக்கப்பாறை செக்போஸ்ட்டில் வண்டி எண், பிளாஸ்டிக் பாட்டில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள், நடுவில் நிறுத்தி இறங்கவும் அனுமதி இல்லை. மாலை 6 மணிக்கு மேல் அந்த வழி அடைபடும். மதியம் இரண்டு மணிக்கும் வால்பாறை டவுனிலேயே இருந்தால் அந்தத் திட்டத்தை விட்டுவிட்டு ஆழியாறு வழியாகவே இறங்குங்கள்.