மூன்றாம் நாளும் ருசி மாறாத கிறிஸ்துமஸ் லோடட் குக்கீஸ்

ஓவனிலிருந்து எடுத்த சூட்டில் எந்தக் குக்கீயும் நன்றாகத்தான் இருக்கும். பரிசாகக் கொடுக்கும் குக்கீயை யாரும் அந்தச் சூட்டில் சாப்பிடுவதில்லை. 23ஆம் தேதி சுட்டு, 24 அன்று டப்பாவில் அடைத்து, அக்கம்பக்கத்தில் கொடுத்து, கேக்கும் பலகாரமும் தீர்ந்தபின் 26 அன்று மாலை காபியோடு யாரோ ஒருவர் எடுத்துக் கடிப்பார். அந்தக் கடிக்குத்தான் நாம் சுடுகிறோம். சாக்லேட், முந்திரி, பழம் என்று நிறையச் சேர்த்துச் சுடும் லோடட் குக்கீயில் அதுவரை ருசி நிற்பதும் கெடுவதும் பெரும்பாலும் உள்ளே போடும் சேர்மானத்தின் ஈரத்தைப் பொறுத்தது.

அளவு இது, 50 கிராம் எடையில் 20 குக்கீ வரும். உப்பில்லாத வெண்ணெய் 170 கிராம், பிரவுன் சுகர் 150 கிராம், வெள்ளைச் சர்க்கரை 75 கிராம், முட்டை ஒன்று, கூடுதலாக ஒரு மஞ்சள் கரு, வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன். மைதா 240 கிராம், ஆப்ப சோடா ½ டீஸ்பூன், உப்பு ½ டீஸ்பூன், பட்டைத்தூள் ½ டீஸ்பூன், ஒரு கிராம்பைப் பொடித்த தூள், துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. சேர்மானம் மொத்தம் 320 கிராம்: டார்க் சாக்லேட் 150, முந்திரி 80, உலர்ந்த கிரான்பெர்ரி 60, சர்க்கரையில் பாகேற்றிய ஆரஞ்சுத் தோல் 30. உப்புப் போட்ட வெண்ணெய்தான் இருக்கிறதென்றால் தனி உப்பு வேண்டாம்.

கப் கணக்கை விட்டுவிட்டுத் தராசில் நிறுங்கள். ஒரு கப் மைதாவை அழுத்தி அள்ளினால் 20, 30 கிராம் கூடிவிடும்; குக்கீ பரவாமல் உருண்டையாகவே நின்றுபோக அதுவே போதும்.

வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா என்று பலர் கேட்பார்கள். போடலாம், ஆனால் அதே எடையில் கூடாது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். நெய்யில் தண்ணீரே இல்லை. 140 கிராம் நெய்யும் 2 டேபிள்ஸ்பூன் பாலும் சேர்த்தால் கணக்குச் சரியாகும். உருக்கிய நெய்யாக இல்லாமல் உறைந்த நெய்யாக இருக்கட்டும்.

பிரவுன் சுகர் வாங்கும்போது பாக்கெட்டை அழுத்திப் பாருங்கள். ஈர மணல் மாதிரி அமுங்கினால் அதுதான் வேண்டியது. பெரிய பெரிய பரலாக உதிர்ந்தால் அது டெமராரா என்ற வேறு வகைச் சர்க்கரை. வெண்ணெயில் கரையாது, மெதுமெதுப்பும் தராது. அதற்கு நல்ல நாட்டுச் சர்க்கரையே மேல். கட்டியில்லாமல் சலித்து அதே எடை போடுங்கள். நிறம் கொஞ்சம் கறுக்கும், வெல்ல வாசனை முன்னால் நிற்கும். பட்டை, கிராம்போடு அது நன்றாகவே சேரும்.

இப்போது சேர்மானம். எடுத்த எடுப்பில் கை தாராளமாகப் போகும் இடம் இது, அதனால் ஒரு வரம்பு வேண்டும். மேலே சொன்ன அளவில், சேர்மானம் போடாத மாவுக் கலவை ஏறத்தாழ 700 கிராம் வரும். சேர்மானம் அதில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் துண்டுகளைப் பிடித்து வைக்க மாவு போதாமல், ஆறியபின் எடுக்கும்போதே உடையும். பெட்டியில் பாதி தூளாகிவிடும்.

சாக்லேட்டில் முதலில் பார்க்க வேண்டியது, அது காம்பவுண்டா என்பது. காம்பவுண்டில் கோகோ பட்டருக்குப் பதில் தாவரக் கொழுப்பு இருக்கும். ஆறியபின் வாயில் மெழுகுபோல் ஒட்டும். சுடச்சுடச் சாப்பிட்டால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, மூன்றாம் நாள் நன்றாகத் தெரியும். அட்டையின் பின்னால் பொருள்கள் பட்டியலில் கோகோ பட்டர் இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். சிப்ஸைவிடக் கட்டிச் சாக்லேட்டைக் கத்தியால் நறுக்கிப் போடுவதே எங்கள் தேர்வு. 1930களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், விட்மன் என்ற ஊரில் டோல் ஹவுஸ் விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் இந்தக் குக்கீயை உருவாக்கியபோது கட்டிச் சாக்லேட்டை உடைத்துத்தான் போட்டார். சிப்ஸ் அதன் பிறகே கடைக்கு வந்தது. சிப்ஸ் உருகினாலும் வடிவம் கலையாமல் நிற்கும். நறுக்கிய துண்டு அங்கங்கே இளகிப் பரவும், அதன் தூள் மாவெங்கும் கலந்து ருசி தரும்.

முந்திரியை 160 டிகிரியில் 8 நிமிடம் வறுத்து, முழுக்க ஆறவிட்டு, இரண்டாக உடையுங்கள். பச்சையாகப் போட்டால் குக்கீக்குள் அது வறுபடாது. இரண்டே நாளில் நமத்துவிடும். சூட்டோடு போட்டால் சாக்லேட்டை இளக்கி மாவைச் சேறாக்கும். வால்நட் போடுவதானால் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்த பிறகே போடுங்கள், சிக்கு வாடை அதில்தான் சீக்கிரம் ஏறும்.

பழத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுவது. பிளம் கேக்குக்கு ஊறவைத்த பழம் மிச்சம் இருக்கிறதே என்று அதை அள்ளிப் போட்டால், பழத்தின் ஈரம் சுற்றியுள்ள மாவுக்கு இறங்கி மறுநாளே குக்கீ சொதசொதக்கும், பூசணமும் சீக்கிரம் வரும். கிரான்பெர்ரி மிகவும் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான ஆரஞ்சுச் சாற்றில் 15 நிமிடம் மட்டும் போட்டு, வடித்து, துணியில் ஒற்றி, ஒரு மணி நேரம் விசிறிக் காற்றில் உலர விடுங்கள். பாகில் ஊறிய சிவப்புச் செர்ரி இந்தக் குக்கீக்கு வேண்டாம். டூட்டி ஃப்ரூட்டி போட ஆசைப்பட்டால் ஆரஞ்சுத் தோலுக்குப் பதில் 30 கிராம், அதுவும் ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டி; இல்லாவிட்டால் சாயம் இறங்கும்.

வெண்ணெய், விரல் வைத்தால் பதிய வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. நம் ஊர் டிசம்பரில்கூட ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து 20 நிமிடத்துக்கு மேல் வெளியே வைக்கத் தேவையில்லை. இரண்டு சர்க்கரையும் சேர்த்து ஹேண்ட் பீட்டரில் 2 நிமிடம் போதும். கேக்குக்கு அடிப்பதுபோல் வெளுக்கும்வரை அடித்தால் காற்று ஏறி, ஓவனில் உப்பி, வெளியே வந்ததும் அமுங்கிவிடும். முட்டை, மஞ்சள் கரு, வெனிலா சேர்த்து 30 விநாடி. சலித்த மைதாக் கலவையை ஸ்பேட்டுலாவால் கலக்கும்போது, மாவு அங்கங்கே வெள்ளையாகத் தெரியும்போதே சேர்மானத்தைப் போட்டுவிடுங்கள். முழுக்கக் கலந்தபின் போட்டால் கலப்பது இரட்டிப்பாகி குக்கீ ரப்பர்போல் இழுக்கும். ஒரு கைப்பிடி சாக்லேட்டை மட்டும் எடுத்து வையுங்கள்.

உருண்டை பிடித்த பிறகே குளிரவைக்க வேண்டும். கிண்ணத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் பாறையாக இருக்கும், கரண்டி இறங்காது. 50 கிராம் உருண்டைகளாக்கி, வெளியே துருத்தும் பழத்தை உள்ளே தள்ளி (வெளியே நின்றால் கருகிக் கசக்கும்), எடுத்து வைத்த சாக்லேட்டை மேலே பதித்து, மூடிய டப்பாவில் இரவு முழுவதும் வையுங்கள். மைதா ஈரத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். வெண்ணெய் இறுகுவதால் குக்கீ தட்டையாக ஓடாது. நிறமும் வாசனையும் கூடும். அவசரமென்றால் குறைந்தது 2 மணி நேரம். ஃப்ரீசரில் ஒரு மாதம் தாங்கும் என்பதால் டிசம்பர் முதல் வாரத்திலேயே உருட்டி வைத்துக்கொள்ளலாம். பண்டிகை வாரத்தில் சுடுவது மட்டும்தான் மிச்சம்.

ஓடிஜியை (ஓவன் டோஸ்டர் கிரில்) மேல், கீழ் இரண்டு கம்பியும் எரிய 175 டிகிரியில் 20 நிமிடம் முன்சூடு செய்யுங்கள். ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வைத்துவிடுவது நல்லது, குமிழில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் என்றால் 165. நடுத்தட்டில், பட்டர் பேப்பர் விரித்த டிரேயில் ஆறு உருண்டைகள், 5 செ.மீ. இடைவெளியில். 12 முதல் 14 நிமிடம்; 8ஆம் நிமிடம் டிரேயைத் திருப்புங்கள். ஃப்ரீசரிலிருந்து நேராக வந்தால் இன்னும் 2 நிமிடம். ஓரம் பொன்னிறமாகி, நடு இன்னும் வேகாததுபோல் தெரியும்போதே எடுத்துவிட வேண்டும். டிரேயின் சூட்டில் 8 நிமிடம் இருக்கும்போது நடுவும் வெந்துவிடும். ஓவனுக்குள்ளேயே நடு இறுகும்வரை காத்திருந்தால் மூன்றாம் நாள் அது பல்லுக்கு வேலை.

எப்போதும் முதலில் ஒரே ஒரு உருண்டையைச் சுட்டுப் பாருங்கள். எண்ணெய் கசிந்து தட்டையாக ஓடினால் உருண்டைகளை இன்னும் ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். பரவவே இல்லையென்றால் மாவு கூடிவிட்டது; மற்றவற்றை உள்ளங்கையால் பாதி உயரத்துக்கு அழுத்திச் சுடுங்கள். அடுத்த ஆறை சூடான டிரேயில் வைக்கவே கூடாது, ஓரம் இறுகும் முன்பே வெண்ணெய் உருகி ஓடும். இரண்டு டிரே இருந்தால் நிம்மதி.

முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு ஒரு தனி ஈடு போடுவது மரியாதை. முட்டைக்குப் பதில் 50 மி.லி. பாலும் 10 கிராம் சோள மாவும். தயிர் வேண்டாம், சோடாவோடு சேர்ந்து கேக்போல் உப்ப வைக்கும். பீட்டரும் கிண்ணமும் முட்டை படும் முன் இந்த ஈட்டை முதலில் முடித்து, டப்பாவின் மேல் ‘முட்டை இல்லை’ என்று எழுதிவிடுங்கள். முந்திரி, பால், கோதுமை இருப்பதையும் எல்லா டப்பாவிலும் எழுத வேண்டும். வாங்குகிற வீட்டில் எந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாது என்று நமக்குத் தெரியாது.

வயர் ரேக்கில் குறைந்தது 2 மணி நேரம் ஆறிய பின்பே அடைக்க வேண்டும். அடிப்பக்கம் தொட்டால் குளிர்ந்தும் நடுவில் சூடு இருக்கும். அந்த ஆவிதான் மூடிக்கு உள்ளே வியர்த்துக் குக்கீயைக் கெடுக்கும். அச்சு முறுக்கையோ கலகலாவையோ அதே டப்பாவில் சேர்க்காதீர்கள், குக்கீயின் ஈரத்தை அவை இழுத்து நமத்துப்போகும். மின்ட் மிட்டாய் ஒன்று உள்ளே இருந்தாலும் மொத்த டப்பாவும் மின்ட் வாசனைதான்.

வெளியூருக்குக் கூரியரில் அனுப்புவதானால் மேலே சாக்லேட் பதிக்காத குக்கீகளை எடுங்கள். இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்துப் பட்டர் பேப்பரில் சுற்றி, தகர டப்பாவில் செங்குத்தாக நெருக்கி அடுக்குங்கள். படுக்கவைத்தால் அடியில் இருப்பது நொறுங்கும். மூடியபின் லேசாகக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் காலி இடத்தில் பேப்பரைக் கசக்கித் திணித்து மறுபடி மூடுங்கள்.