ஓடாத ரயில்

கனடா வந்து நான் எழுதிய முதல் கதையில் ஒரு பெண் காலையில் மெக்கோவன் ஸ்டேஷனில் ரயில் ஏறி, கென்னடியில் இறங்கி வேறு ரயில் மாறுவாள். ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, பனி மூடிய கூரைகளைப் பார்த்தபடியே போவாள். எனக்கு அந்தப் பத்தி ரொம்பப் பிடித்திருந்தது. டொரன்டோவின் ஒரு பகுதியான ஸ்கார்பரோவில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவருக்குப் படிக்க அனுப்பினேன். மறுநாளே போன் வந்தது.

"தங்கச்சி, கதை நல்லாயிருக்கு. ஆனா அந்த ரயில் இப்ப ஓடுறேல்லை."

ஸ்கார்பரோவுக்குள் 1985 முதல் ஓடிய அந்த ஆர்டி லைன் 2023 ஜூலையோடு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக இப்போது பஸ்தான். என் கதை நடப்பதோ 2024 பிப்ரவரியில். அக்கா அத்தோடு விடவில்லை. "அந்தப் பிள்ளை பஸ்ஸுக்கு நிண்டிருப்பாள். குளிருக்குள்ள நிண்டு நிண்டு எரிச்சல் வந்திருக்கும். நீர் அவளை ஆறுதலா இருத்தி வச்சு யோசிக்க விட்டிருக்கிறீர்" என்றார். ஒரு ரயிலை எடுத்ததும் அந்தப் பெண்ணின் மனநிலையே என் கையைவிட்டுப் போய்விட்டது.

ஸ்கார்பரோவில் நான் இருந்தது மொத்தம் 12 நாள். 2022 அக்டோபரில் வந்து இறங்கி, வீட்டுக்காரருடைய சித்தி மகன் வீட்டு பேஸ்மென்ட்டில் தங்கி, பெட்டிகளை முழுதாகப் பிரிக்கக்கூட இல்லாமல், வடக்கே 400 கிலோமீட்டர் தள்ளி சட்பரிக்கு வந்துவிட்டோம். சிறு ஊர்களுக்கும் வடக்குப் பகுதிகளுக்கும் ஆள் சேர்க்க கனடா அரசு 2019ல் ஒரு குடியேற்றத் திட்டம் தொடங்கியது. அதில் இருந்த 11 ஊர்களில் சட்பரியும் ஒன்று. அந்த வழியாக வந்தவர்கள் நாங்கள். வீட்டுக்காரருக்குச் சுரங்க இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. ஆறு மாதம் கழித்து எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஆக, நான் வாழ்வது சட்பரியில். எழுதியது ஸ்கார்பரோவை. அதுவும் இரண்டே முறை ஏறிய ஒரு ரயிலை நம்பி.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தபோது கிடைத்த பதில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. டொரன்டோ என்று எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பேஸ்மென்ட், இரண்டு இடத்து வேலை, கோயில், கல்யாண மண்டபம், தமிழில் பலகை வைத்த கடை எல்லாம் வாசகர் மனசில் ஏற்கெனவே இருக்கிறது. பெயரைச் சொன்னால் போதும், மேடையை அவர்களே போட்டுக்கொள்வார்கள். சட்பரி என்றால்? என் அம்மாவே இன்னும் அக்கம்பக்கத்தில் "சட்னி மாதிரி ஏதோ ஒரு ஊர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ஈழத்தவர்கள் ரொறன்ரோ என்று எழுதுவார்கள், நாம் டொரன்டோ என்போம். அந்த ஒரு சொல்லை எழுதிய விதத்திலேயே கதை சொல்கிறவர் எந்தக் கரையிலிருந்து வந்தவர் என்று தெரிந்துவிடும். அந்த ஊர் தமிழில் அவ்வளவு புழங்கிவிட்டது. சட்பரிக்கு அப்படி ஒரு பழக்கமே இல்லை. சட்பரியா, சட்பெரியா, சட்பறியா என்று நானே மூன்று விதமாக எழுதிப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். ஒரு ஊரின் பெயருக்கு எழுத்துக் கூட்டுவதிலிருந்தே வேலை தொடங்குகிறது என்றால் சோம்பல் வரத்தானே செய்யும்?

வாசகர் போட்டுக்கொடுக்கும் மேடையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதில் ஏற்கெனவே பலர் ஆடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ரயில் கதையை எடுத்து வைத்துக்கொண்டு, நானே கண்ணால் பார்த்தது எது, படித்துப் படித்து என்னிடம் ஒட்டிக்கொண்டது எது என்று பென்சிலால் கோடு போட்டேன். பேஸ்மென்ட் ஜன்னல் வழியாகத் தெரியும் கால்கள், நான் பார்த்ததல்ல. நாங்கள் தங்கிய பேஸ்மென்ட் ஜன்னலுக்கு வெளியே ஒரு பழைய பார்பிக்யூ அடுப்பு நின்றது, கால் எதுவும் தெரியவில்லை. சொந்தமாகப் பார்த்தது என்று மூன்று வரிதான் தேறியது.

சரி, சட்பரியையே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். அந்த முதல் வரைவை இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறது. முதல் பக்கத்திலேயே ஊருக்குள் 330 ஏரி. 1964ல் நிறுவிய, 9 மீட்டர் உயரமான நிக்கல் காசுச் சிலை. 185 கோடி வருடத்துக்கு முன்னால் விண்கல் மோதி உண்டான பள்ளம். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் கூரை அளவுக்கு, 381 மீட்டர் உயரத்தில் நிக்கல் உலையின் புகைபோக்கி. கதாநாயகன் வேலைக்குப் போகும் வழியில் இதையெல்லாம் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவான். இங்கே குடியிருக்கிற எவராவது அந்தக் காசை நிமிர்ந்து பார்ப்பாரா? நானே விருந்தாளி வந்தால்தான் அந்தப் பக்கம் போகிறேன். தெரியாத ஊரைப் பற்றி எழுதும்போது வாசகருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு பதற்றம் வந்துவிடுகிறது. டொரன்டோ கதையில் சிஎன் டவரின் உயரத்தை யாரும் எழுதுவதில்லை.

யாரும் அதிகம் எழுதாத ஊர் என்றால் தேய்ந்த வர்ணனையும் இருக்காது என்று நினைத்திருந்தேன். அதுவும் தப்பு. அப்போலோ 16, 17 விண்வெளி வீரர்கள் 1971லும் 1972லும் பயிற்சிக்காக இங்கே வந்தார்கள். விண்கல் மோதி நொறுங்கிய பாறை எப்படி இருக்கும் என்று பார்த்துப் பழகத்தான் வந்தார்கள். ஆனால் ஊர் நிலா மாதிரி மொட்டையாகக் கிடந்ததால் வந்தார்கள் என்ற பேச்சு நிலைத்துவிட்டது. உள்ளூர்க்காரர்களிடம் அதைச் சொன்னால் முகம் சுருங்கும். நான் என்ன செய்திருந்தேன்? இரண்டாம் பத்தியிலேயே "நிலவைப் போன்ற நிலம்" என்று எழுதி வைத்திருந்தேன்.

அதை அடிக்க வைத்தவர் நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பிரெஞ்சுப் பாட்டி. எண்பதைத் தாண்டியவர். இங்கே ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் சகஜம். குளிப்பாட்டி, தலை துவட்டி, ஜன்னல் ஓரம் உட்கார வைத்தால் பேச ஆரம்பிப்பார். ஒரு காலத்தில் நிக்கல் தாதுவைத் திறந்த வெளியில் விறகின் மேல் குவித்து எரித்தார்கள். அந்தக் கந்தகப் புகையிலும் பின்னால் வந்த உலைகளின் புகையிலும் மரமெல்லாம் செத்து, பாறை கறுத்துப்போனது. இவ்வளவும் எனக்குப் படித்தே தெரியும். பாட்டி சொன்னது வேறு. காற்று திரும்பினால் அவருடைய அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்க் கொடியில் காய்கிற துணியை உள்ளே எடுத்துவிடுவாராம். தொண்டையில் காசை வைத்தது மாதிரி ஒரு ருசி வருமாம். 1978ல் ஊரைப் பச்சையாக்கும் வேலை தொடங்கியபோது அவருடைய மகன் கோடை விடுமுறையில் சுண்ணாம்புக்கல் தூள் மூட்டையைப் பாறை மேல் சுமந்து கொட்டினானாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவம்கூட வெள்ளையாக இருக்குமாம்.

இப்போது அதே பாறைகளுக்கு நடுவே பைன் மரங்கள் நிற்கின்றன. எல்லா வகையுமாக ஒரு கோடி மரத்துக்கு மேல் நட்டிருக்கிறார்கள். ஆனால் என் கதைக்கு அந்தக் கோடி தேவைப்படவில்லை. வெள்ளைப் புருவம் போதுமாக இருந்தது.

அப்புறம்தான் ஊர் எனக்குக் கதையைக் கொடுக்க ஆரம்பித்தது. கதையின் கரு ரொம்பச் சாதாரணம்: கணவனும் மனைவியும் பிரிந்துவிடுகிறார்கள். இதை டொரன்டோவில் வைத்து ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். அவள் நாலு பஸ் நிறுத்தம் தள்ளி வீடு பார்த்துக்கொண்டாள். இருபத்தேழு லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரம் அது, அவனைத் திரும்பப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பார்க்க வைக்க நான் தற்செயல் சந்திப்பு ஒன்றைத் தயாரிக்க வேண்டியிருந்தது, அது பிளாஸ்டிக் பூ மாதிரி தனியாகத் தெரிந்தது. சட்பரியில் 2021 கணக்கெடுப்பில் எல்லாருமாகச் சேர்த்தே 1,66,000 பேர்தான். தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தால் சீக்கிரமே முடிந்துவிடும். இட்லி அரிசி வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் அவனும் அந்தக் கடைக்குத்தான் வரணும், அவளும் அந்தக் கடைக்குத்தான் வரணும். பொங்கலுக்கு இருப்பதே ஒரு ஹால். அவர்களைச் சந்திக்க வைக்க நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. சந்திக்காமல் இருக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அதைவிடப் பெரிய உதவி அந்தக் கிணுகிணுப்பு. இங்கே சில நாள் வீடு லேசாக அதிரும். அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். சில நொடியில் நின்றுவிடும். சுரங்கத்துக்குள் எங்கோ பாறை நொறுங்கியிருக்கும். முதல் தடவை நான் வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் தபால் பெட்டியைத் திறந்துகொண்டே "மைன்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என் வீட்டுக்காரர் அடியில் இறங்குகிற நாளாக இருந்தால் நான் அடுப்பை அணைத்துவிட்டு, அவர் மேலே வந்து போன் செய்யும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேன். பழகிவிட்டது என்று சொல்வேன். அடுப்பை மட்டும் இன்னும் அணைக்கிறேன்.

பிரிந்துபோன அந்தப் பெண்ணும் அதைத்தான் செய்தாள். தம்ளர் கிணுகிணுத்ததும் அவள் கை போனுக்குப் போனது. கூப்பிட அவளுக்கு இனி உரிமை இல்லை. அவன் பத்திரமாக மேலே வந்தானா என்று தெரியாமல் தூங்கவும் முடியாது. இந்த இடத்தை டொரன்டோவில் நான் எப்படி எழுதியிருப்பேன் என்றே தெரியவில்லை.

எல்லாக் கதைக்கும் சட்பரி சரிப்படும் என்று இதனால் ஆகிவிடாது. வீட்டுக்குத் தெரியாமல் இன்னொரு வாழ்க்கை நடத்தும் ஒரு ஆளைப் பற்றிப் பாதிக் கதை என்னிடம் இருக்கிறது. அது டொரன்டோவில்தான் நடக்கணும். இங்கே என்றால் செவ்வாய்க்கிழமை தொடங்கினால் வெள்ளிக்கிழமை ஊருக்கே தெரிந்துவிடும்.

அதுவே எனக்கும் பிரச்சினையானது. பிரிந்துபோன தம்பதி கதையைப் படித்த தோழி ஒருத்தி குரலைத் தாழ்த்தி, "இது அவங்க வீட்டு விஷயமா?" என்று ஒரு குடும்பத்தின் பெயரைச் சொன்னாள். அவர்கள் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை, குறைந்தபட்சம் எனக்குத் தெரிந்து. ஸ்கார்பரோவில் வைத்தால் ஆயிரம் வீடு இருக்கிறது, யாரும் தன்னைத் தேட மாட்டார்கள். இங்கே நான் யாரை எழுதினாலும் அது யாரோ ஒருவர்தான். பொங்கலுக்கு அவர்கள் முகத்தில் நான் விழிக்கணும்.

அதனால் ஒரு மாதம் கற்பனை ஊர் ஒன்றைக் கட்டிப் பார்த்தேன். பெயர் வைத்து, தாளில் வரைபடம் போட்டு, ஆற்றைக்கூட இடம் மாற்றினேன். யாரும் ரயில் பிழை கண்டுபிடிக்க முடியாது என்று ஒரு நிம்மதி. ஆனால் நிக்கல் சுரங்கம், பிரெஞ்சுப் பாட்டி, கறுத்த பாறை எல்லாம் சேர்ந்த ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்? முகமூடி போட்டுக்கொண்டு அதே சட்டையில் வந்த மாதிரி இருந்தது. கடைசியில் ஊரை அப்படியே விட்டுவிட்டு ஆட்களை மாற்றினேன். இரண்டு பிள்ளைகளை எடுத்துவிட்டேன், அவனுடைய வேலையை மாற்றினேன், அவளை என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக்கினேன். வயதைக் கூட்டியதும் அவள் பேச்சே மாறி, கதை இன்னும் நன்றாகிவிட்டது. அது நான் எதிர்பார்க்காதது.

ரயிலில் பட்டதால் புகைபோக்கியிலும் ஜாக்கிரதையாக இருந்தேன். 2020லேயே அதில் புகை நின்றுவிட்டது. அதைப் பிரித்து எடுத்துவிடுவது என்றும் முடிவாகிவிட்டது. எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறதே என்று கதையில் வைத்தால், சில வருடத்தில் யாராவது போன் செய்து "இப்ப அது இல்லையே" என்பார்கள். அதனால் கதை நடக்கும் காலத்தை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன்: 2023 ஜனவரி.

போன மாதம் அதே அக்காவுக்கு இந்தக் கதையையும் அனுப்பினேன். இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டார்.

"எல்லாம் சரி தங்கச்சி. அவன்ர காருக்கு முன்னால ஏன் ஒரு வயர் தொங்குது?"

பிளாக் ஹீட்டர் வயர். மைனஸ் முப்பதுக்குப் போகிற இரவுகளில் என்ஜின் உறைந்துவிடாமல் இருக்க, காரை வீட்டுச் சுவரில் செருகிவிட்டுத் தூங்குவோம். காலை அவசரத்தில் பிடுங்க மறந்து வயரையும் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கே அது விநோதமாக இருந்தது. இப்போது அதற்கு விளக்கம் தேவைப்படும் என்றே தோன்றாமல் எழுதியிருக்கிறேன்.

"ஓ, காருக்குக் கரன்ட் குடுக்கிறீங்களோ" என்று சிரித்தார். "நான் நினைச்சன், அவன் ஏதோ பழைய காரை வச்சு இழுத்துக்கொண்டு திரியிறான் எண்டு."

ஒரு வரி சேர்த்தேன். பிரிந்த அன்று இரவு அவன் வெளியே வந்து காரைச் செருகுகிறான், அவள் உள்ளேயிருந்து பார்க்கிறாள். அவ்வளவுதான். இதையும் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.