கா, மெரித், கொஞ்சம் ரொட்டி: டூரின் நாட்குறிப்பு

2023 மார்ச் 11, சனி

இத்தாலியின் டூரின் நகரத்து எகிப்திய மியூசியத்தில் அரசர் ராம்சேஸ் சிலையைச் சுற்றித்தான் கூட்டம் எல்லாம். நான் நேராகக் காவும் அவர் மனைவி மெரித்தும் இருக்கும் அறைக்குப் போய்விட்டேன்.

கா அரசரல்ல. சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன், அரசர்களுக்குக் கல்லறை வெட்டியவர்கள் வாழ்ந்த டெய்ர் எல்-மெதினா கிராமத்துக்காரர். தலைமை மேஸ்திரி என்று சொல்லலாம். தன் கல்லறையை, மேலே கட்டிய வழிபாட்டு மண்டபத்துக்கு அடியில் தோண்டாமல், எதிரே இருந்த குன்றில் தோண்டிவிட்டார். திருடர்கள் கண்ணில் அது படவே இல்லை. 1906-இல் இத்தாலியத் தொல்லியலாளர் எர்னெஸ்டோ ஸ்கியாபரெல்லியின் குழு திறந்தபோது உள்ளே வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு சில பொருட்களைத் தவிர எல்லாம் இத்தாலிக்கு வந்துவிட்டன. கிடைத்ததை எகிப்தும் தோண்டியவர்களும் பங்கிட்டுக்கொள்ளும் அந்தக் காலத்து விதி அப்படி. எகிப்தில் இருந்திருக்க வேண்டியவை என்றுதான் எனக்குப் படுகிறது.

கட்டில், நாற்காலி, மெரித்தின் சவுரிமுடி, அதற்கென்று ஒரு பெட்டி. விதவிதமான வடிவங்களில் ரொட்டிகள். காவின் குறி போட்ட கோவணங்கள் மட்டும் 50 வரை. இரண்டு முழக்கோல்கள். ஒன்று அரசர் இரண்டாம் அமென்ஹோதெப் பரிசளித்தது, தங்கத் தகடு போர்த்தியது. அதை வைத்து யாரும் சுவரை அளந்திருக்க மாட்டார்கள். மற்றது மடக்கக்கூடிய மரக்கோல், தோல் உறையோடு இருக்கிறது. வேலைக்காரனின் கோல் அதுதான். அதன் முன்னால்தான் நெடுநேரம் நின்றேன்.

மார்ச் 12, ஞாயிறு

மறுபடி அதே அறை. மெரித் முதலில் இறந்திருக்கிறார், எதிர்பாராமல். அவருக்கென்று சவப்பெட்டி தயாராக இல்லை. கா தனக்குச் செய்து வைத்திருந்ததைக் கொடுத்திருக்கிறார். மெரித்துக்கு அது பெரிது. சுற்றிலும் இருந்த இடைவெளியைக் காவின் குறி போட்ட துணிகளால் நிரப்பியிருக்கிறார்கள். இதைப் படித்தபின் அந்தப் பெட்டியை வேடிக்கைப் பொருளாகப் பார்க்க முடியவில்லை.

இருவரின் மம்மிகளையும் ஸ்கியாபரெல்லி அவிழ்க்கவில்லை. பிற்பாடு எக்ஸ்ரே எடுத்துத்தான் உள்ளே இருக்கும் நகைகளைப் பார்த்தார்கள். சரியான முடிவு. மூடிய ஜாடிகளுக்கும் அதே மரியாதைதான். ஜாடிகளைப் பைகளுக்குள் வைத்து, கசியும் வாயுவைப் பிடித்து ஆராய்ந்து, போன வருஷம் முடிவு வெளியிட்டார்கள். தேன்மெழுகு, கருவாடு, பார்லி மாவு. மூடியைத் தொடாமலே!

மார்ச் 18, சனி

வாரம் முழுக்க அந்தக் கிராமத்தைப் பற்றித்தான் படித்தேன். இந்த மியூசியத்திடம் ஒரு பாப்பிரஸ், அதாவது நாணல் தாளில் எழுதிய ஆவணம், இருக்கிறது. மூன்றாம் ராம்சேஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது காவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அதே ஊர்த் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் போனதைச் சொல்கிறது. கூலியே தானியம்தான், அது வரவில்லை. 'பசிக்கிறது' என்று சொல்லிக்கொண்டு காவல் சுவர்களைத் தாண்டிப் போய்க் கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசருக்கு எழுதுங்கள் என்றார்கள்.

எழுத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வேலைநிறுத்தம் இதுதான். அந்தக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்த ரொட்டிகளை நினைத்துக்கொண்டேன். கா சாப்பிட ஆளில்லாத இடத்தில் அத்தனை வைக்க முடிந்தது. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அன்றன்றைக்கே இல்லை. அப்புறம் அதிகாரிகள் முந்தைய மாத பாக்கியைக் கொடுத்தார்கள். மறுபடி தாமதமானது. அவர்களும் மறுபடி வேலையை நிறுத்தினார்கள்.