நாற்று வாங்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஆடிப்பட்டத்துக்குத் தக்காளி, மிளகாய் நாற்று எடுக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது உயரத்தைத்தான். "நல்லா வளத்தியா இருக்கே, இதையே குடுங்கண்ணே!" அண்ணே, அது வெளிச்சம் பத்தாமல் நெடுநெடுவென்று போனது. குட்டையாக, தண்டு தடித்திருப்பதை எடுங்கள்.

அப்புறம் குழித்தட்டை லேசாகத் தட்டுங்கள். வெள்ளை ஈ பறந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். தக்காளியில் இலைச்சுருட்டை வைரஸைப் பரப்புவது அதுதான். நோய் வந்த செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. இதற்காகத்தான் நாற்றங்காலைச் சுற்றி 50 மெஷ் (அங்குலத்துக்கு 50 கண்) நைலான் வலை, இரட்டைக் கதவு, உள்ளே மஞ்சள் ஒட்டுப்பொறி எல்லாம். இலைப்பேன் அந்த வலையிலும் நுழைந்துவிடும், பொல்லாதது. மிளகாய்க் குருத்தை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் மஞ்சளாக, நூல் துணுக்கு போல ஊரும்.

நாற்றழுகல் வேறு கதை. மண்ணை ஒட்டிய தண்டு நீர்கோத்து, நூலாக இளைத்து, நாற்று அப்படியே சாய்ந்துவிடும். பித்தியம் போன்ற, பூஞ்சையை ஒத்த கிருமிகளின் வேலை. ஈரம் தேங்கினால் அவற்றுக்குக் கொண்டாட்டம். சாயங்காலம் தண்ணீர் ஊற்றாமல் காலையில் ஊற்றினாலே பாதிப்பு நன்றாகக் குறையும். விதைக்கும்போதே ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலப்பது நல்லது. சாய ஆரம்பித்துவிட்டால் லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்து வேர் நனைய ஊற்றலாம். விழுந்தது விழுந்ததுதான், பக்கத்தில் நிற்பதைக் காப்பாற்றலாம்.

பழைய தட்டுகளைக் கழுவாமல் திரும்பப் போடுகிற நர்சரியா? சரி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.