அம்மா ரிப்போர்ட்ல நாங்க பார்க்காம விட்ட ஒரு வரி

எங்கம்மா ஆறு மாசமா இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாங்க, கூடவே முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட்னு வீட்ல எல்லாமே நடந்துச்சு, ஆனா ஹீமோகுளோபின் 8.4ஐ விட்டு நகரவே இல்ல. நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது, நாக்கு எரியுது, பாதம் மதமதன்னு இருக்குன்னு சொல்லிட்டே இருந்தாங்க, சுகர் இருக்குல்ல அதனாலதான்னு நாங்களும் விட்டுட்டோம். இப்ப நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

வேற ஒரு டாக்டர்கிட்ட போனப்போ அதே பழைய ரிப்போர்ட்ல எம்சிவி 112ன்னு இருந்த வரியைக் காட்டுனார். சிவப்பணுவோட சைஸாம் அது, 80லேர்ந்து 100 வரைக்கும் இருக்கணும். இரும்புச்சத்து குறைஞ்சா அணு சின்னதாகும், வைட்டமின் பி12 இல்லேன்னா ஃபோலிக் ஆசிட் (அதுவும் ஒரு பி வைட்டமின்தான்) குறைஞ்சா டிஎன்ஏ சரியா உருவாகாம, பிரிய வேண்டிய அணு பிரியாம பெருசாயிடும். இரும்புச்சத்துக் குறையும் இந்தக் குறையும் சேர்ந்து இருந்தா எம்சிவி நார்மலாவே காட்டலாம், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

பி12 டெஸ்ட் எடுத்தா 118. பொதுவா 200க்குக் கீழ போனாலே குறைபாடுதான்.

"என்னம்மா சாப்பிடுவீங்க?"ன்னு கேட்டார். சுத்த சைவம், பால் ஒத்துக்காது, காபி கூட கடுங்காப்பி. கீரை, பருப்பு எதுலயும் பி12 கிடையாது. அதுக்கு மேல 11 வருஷமா சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை, அது பி12ஐ உடம்புல சேர விடாம குறைக்கும். கல்லீரல்ல இருக்கற சேமிப்பு சில வருஷம் தாங்கறதால ரொம்ப மெதுவாத்தான் வெளிய தெரியுது.

இதை மட்டும் தயவுசெஞ்சு கவனிங்க, பி12 பார்க்காம மெடிக்கல்ல ஃபோலிக் ஆசிட் மட்டும் வாங்கிப் போடாதீங்க, ஹீமோகுளோபின் ஏறிடும், சரியாயிடுச்சுன்னு நிம்மதியா இருப்போம், பி12 குறையால நரம்பு மட்டும் உள்ளுக்குள்ள கெட்டுட்டே போகும்.

அம்மாவுக்கு 1000 மைக்ரோகிராம் ஊசி, முதல் ரெண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் ஒண்ணு, இப்ப மாசம் ஒண்ணு. மெட்ஃபார்மினை நிறுத்தல, வருஷா வருஷம் பி12 பார்க்கச் சொல்லிட்டார். ரெண்டு மாசத்துல ஹீமோகுளோபின் 11.6 வந்துடுச்சு, நாக்கு எரிச்சல் அதுக்கும் முன்னாடியே போயிடுச்சு. நேத்து மொட்டை மாடிக்குத் துணி காயப்போட யாரையும் கூப்பிடாம அவங்களே ஏறிப் போனாங்க. கால் விரல் நுனியில மட்டும் மதமதப்பு இன்னும் இருக்கு.