'போனவில்லை' என்று சொல்வோமா?

கல்லூரி முடித்த வருஷம் கன்னியாகுமரியில் சித்தப்பாவின் சங்கு, சிப்பிக் கடையில் சீசனுக்கு நின்றேன். வெளிநாட்டுக்காரர்களிடம் பேச்சைத் தொடங்க என்னிடம் இருந்தது ஒரே கேள்வி: "டிட் யூ சா த சன்ரைஸ்?" "யெஸ், வீ சா இட்" என்று சிரித்தபடி சொல்வார்கள். அவர்களே 'சா' என்கிறார்களே, அப்புறம் என் கேள்வியில் என்ன தப்பு என்று இருந்துவிட்டேன்.

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி தேர்வுகளுக்கு மார்த்தாண்டத்தில் கோச்சிங் சேர்ந்தபோது வினை வந்தது. அதில் பட்டதாரிகளுக்கான சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். ஒரு தப்புக்கு 0.50 கழியும். மாதிரித் தேர்வில் 'டிட் ஹீ வென்ட்' என்று தொடங்கிய வாக்கியத்துக்குத் தைரியமாகப் 'பிழை இல்லை' என்று குறித்தேன்.

கடைசியில் தமிழை வைத்துத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 'போனான்' என்பதற்கு எதிர்மறை 'போகவில்லை'. 'போனவில்லை' என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. 'இல்லை' வந்து ஒட்டியதும் வினை காலத்தைக் கழற்றிவிட்டு வெறும் 'போக' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் இறந்தகாலத்தை 'டிட்' வாங்கிக்கொள்கிறது, 'வென்ட்' பழையபடி 'கோ' ஆகிறது: ஹீ டிட் நாட் கோ. 'டஸ்' வந்தால் வினையின் வாலில் உள்ள 'ஸ்' போய்விடும்: ஷீ நோஸ், ஷீ டஸ் நாட் நோ.

கேள்வியில்தான் தமிழ் நம்மைக் கவிழ்க்கும். 'போனான்' அப்படியே நிற்க, ஒரு 'ஆ' சேர்த்தால் 'போனானா' ஆகிவிடும். காலம் எங்கும் போகாது. அந்தப் பழக்கத்தில்தான் 'டிட் ஹீ வென்ட்' வாயில் வருகிறது. அதனால் எந்தக் கேள்வியையும் முதலில் எதிர்மறையாக அமைப்பேன்: ஹீ டிட் நாட் கோ. பிறகு 'நாட்'டை அடித்துவிட்டு 'டிட்'டை முன்னால் தூக்கி வைப்பேன்: டிட் ஹீ கோ? வகுப்பு முடிந்து நாகர்கோவில் பஸ் ஏறினால், தக்கலை வருவதற்குள் இருபது வாக்கியமாவது மனதுக்குள் இப்படிப் புரட்டுவேன். கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டபிறகுதான் டிக்கெட் நினைவே வரும்.

வாக்கியத்தில் ஏற்கெனவே இஸ், ஆர், கேன், வில் இருந்தால் 'டூ'வைத் தேட வேண்டாம். இருப்பதையே முன்னால் தள்ளினால் சரி. 'டூ யூ ஆர் கமிங்' வேண்டவே வேண்டாம்.

என் உத்தி கைவிடும் இடம் ஒன்று உண்டு. 'யார் வந்தது?' என்று கேட்கும்போது 'யார்' என்பதே எழுவாய். அங்கே 'டிட்'டுக்கு வேலையில்லை: ஹூ கேம்? இதில் இன்னொரு மாதிரித் தேர்விலும் மதிப்பெண்ணை விட்டேன்.

என்னிடமிருந்து அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்ட சித்தப்பா இன்றும் 'டிட் யூ சா' என்றுதான் கேட்கிறார். திருத்திப் பார்த்தேன், கேட்கவில்லை.