ரெய்னியர் மலை தெரியும் நேரம்

"இன்னைக்கு மலை வெளியே வந்திருக்கு" என்று சியாட்டில்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள அந்த ஊருக்குத் தென்தென்கிழக்கே சுமார் 95 கிலோமீட்டர் தள்ளி, 4,392 மீட்டர் உயரத்தில் நிற்கிறது ரெய்னியர். வருஷம் முழுக்க பனி மூடிய மலைதான். ஆனாலும் வாரக்கணக்கில் கண்ணில் படாமல் இருந்துவிடும்.

பலர் காலையில் போய் ஏமாந்து திரும்புகிறார்கள். அந்த நேரத்தில் சூரியனும் மலை இருக்கிற பக்கமே இருக்கும். எதிர்வெயிலில் நடுவிலுள்ள ஈரமும் தூசியும் வெளுத்துப்போய், மலையின் கோடுகூடச் சரியாகத் தெரியாது. கோடைக் காலைகளில் பசிபிக் கடலிலிருந்து வரும் தாழ்வான மேகம் வேறு; அது கலையவே மதியமாகிவிடும். மாலையில் போங்கள். மேற்கே சாய்ந்த வெயில் மலையின் முகத்தில் நேராக விழும்போது பனியாற்றின் மடிப்புகள் தனித்தனியாகத் தெரியும். ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு 9 மணி தாண்டிவிடும். ஊரில் வெயில் போன பிறகும் உச்சியில் மட்டும் சில நிமிடம் நிற்கும். வெள்ளை மஞ்சளாகி, ரோஜா நிறமாகும். கீழிருந்து நிழல் ஏற ஏற அந்த ரோஜா நிறம் சுருங்கிக்கொண்டே போய், நுனியில் ஒரு பொட்டாக நின்று அணையும். அதற்கு முன் கிளம்பிவிடாதீர்கள்.

வெப்கேமராவை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். பாரடைஸ் என்ற இடத்துக் கேமரா சுமார் 1,650 மீட்டர் உயரத்தில், மலையின் தெற்குப் பக்கம் இருக்கிறது. தாழ்வான மேகத்துக்கு மேலே இருப்பதால் அதில் மலை பளிச்சென்று தெரியும். அதே நேரம் ஊர் மூட்டத்தில் கிடக்கும். கோடைக் கடைசியில் காட்டுத்தீப் புகை வந்தால் மேகமே இல்லாத வானத்திலும் மலை காணாமல் போகும். அதனால் காற்றுத் தரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சியில் தொப்பி மாதிரி வழவழப்பான மேகம் உட்கார்ந்தால் கடல் ஈரம் வருகிறது என்று பொருள். பெரும்பாலும் அடுத்த நாளுக்குள் மழைதான். ஆனால் அந்தத் தொப்பியே பார்க்க அழகு.

ஊருக்குள் உள்ள கெர்ரி பார்க் என்ற பூங்காவிலிருந்து பார்த்தால், ஸ்பேஸ் நீடில் கோபுரத்துக்கு வலப்பக்கம் மலையைத் தேடுங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக நீரூற்றுப் பாதை 1909 கண்காட்சிக்காக மலையை நோக்கியே அமைத்தது. கூட்டம் பிடிக்காதவர்களுக்கு அதுவே நல்ல இடம். சியாட்டிலிலிருந்து பெயின்பிரிட்ஜ் தீவுக்குப் படகில் போகும்போது இடப்பக்கத் தளத்தில் நில்லுங்கள்.

கையை நீட்டிக் கட்டைவிரலைப் படுக்கவைத்துப் பிடித்தால், சியாட்டிலிலிருந்து தெரியும் மலையின் உயரம் ஏறக்குறைய அந்த விரலின் தடிமன்தான். கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்த மலை போன் படத்தில் வெள்ளைப் புள்ளியாகிப்போவது இதனால்தான். மூன்று முதல் ஐந்து மடங்கு ஜூம் வையுங்கள். கேமரா என்றால் 200 மி.மீ. லென்ஸ். போன் திரையில் பனியின்மேல் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் மடிப்பெல்லாம் வெளுத்துப்போகும். வானத்தில் சிதறும் ஒளியைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் குளிர்கால மாலையில் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அப்போது சூரியன் மலைக்குக் கிட்டத்தட்ட செங்கோணத்தில் மறைகிறது. ஜூனில் சூரியன் ஏறக்குறைய உங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்குவதால் அதைக் கழற்றி வைத்துவிடலாம்.